நாகராஜ் நச்சு ஈட்டிய கதை

உத்தமபாளையத்தில் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்று கேட்காதீர்கள்; அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே அது பாதிதான் தெரியும். ஒரு திங்கட்கிழமை அங்கே சுற்றறிக்கை வந்தது. பணியாளர் அனைவரும் ஏழு நாள் பச்சைச் சாறு மட்டுமே அருந்தி, உடலிலுள்ள நச்சை நீக்கி, நீக்கிய விவரத்தை உரிய படிவத்தில் சமர்ப்பிக்க வேண்டியது. தவறினால் பதவி உயர்வு பரிசீலிக்கப்பட மாட்டாது.

எழுத்தர் நாகராஜ் கடைசி வரியை மூன்று முறை படித்தார். கண்காணிப்பாளர் நாற்காலிக்கு மனுஷன் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறார், பாவம்.

அதிகாரி சூரியபிரகாஷ் படிவத்தோடு உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார். உப்புசம், ஏப்பம், மலச்சிக்கல், காலைச் சோம்பல் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். மற்றவர்கள் நாற்பது, ஐம்பது என்று அள்ளினார்கள். நாகராஜுக்குப் பூஜ்யம்.

"என்னய்யா இது? என்னதான் திங்கிறீரு?"

"மத்தியானம் நம்ம வளாகத்துல சங்கிலியம்மா அக்கா கடையில கம்பங்கூழு, கீரை, மொச்சைப்பயறு சார். ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் ரெண்டு இட்லி. பசிச்சாத்தான் சாப்பிடுவேன்."

"அப்ப ஒமக்கு நச்சே இல்லையே!"

"நல்லதுதான சார்?"

"ஒமக்கு நல்லது. ஆபீசுக்கு? 'நீக்கப்பட்ட நச்சு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இல்லாததை எப்படிய்யா நீக்குறது? காலியா அனுப்புனா ஃபைல் திரும்பி வந்துரும்."

நியாயம்தானே? ஆனால் அதிகாரி இரக்கமுள்ளவர். தேவையான நச்சை ஈட்டிக்கொள்ள நாகராஜுக்கு ஒரு வாரம் அவகாசம் அளித்து ஆணையிட்டார்.

நாகராஜையும் சும்மா சொல்லக்கூடாது. காலையில் பஜ்ஜி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பப்ஸ், படுக்கப் போகும்போது சால்னாவில் ஊறிய நாலு பரோட்டா.

"ஏங்க, கிறுக்கு பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்றார் மனைவி தேவயானி.

"அரசாங்க வேலைடி!"

எட்டாம் நாள் ஐம்பத்தெட்டு மதிப்பெண், அலுவலகத்திலேயே முதலிடம். அப்புறம் ஏழு நாள் பச்சைச் சாறு. கண் இருட்டி, பீரோவைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஒரு வழியாகக் கட்டம் நிரம்பியது, பதவி உயர்வும் வந்தது. அரசாங்கத்தில் எதுவும் நடக்காது என்று எவன் சொன்னான்?

புது நாற்காலியில் வந்த முதல் கோப்பே சங்கிலியம்மாளைப் பற்றியதுதான். அவர் கடையில் சாப்பிடுவோரிடம் நச்சு சேர்வதில்லை, ஆகவே அக்கடை நச்சு நீக்கப் பணிக்கு இடையூறாக உள்ளது, மூடி முத்திரையிடலாம். அலுவலகம் மொத்தமும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தது. நாகராஜ் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார். ஆனாலும் போட்டுவிட்டார்.

இரண்டே நாள். வயிற்று எரிச்சல் தாங்காமல், பூட்டிய கடையின் பின்பக்கமாக நைசாகப் போனார். அங்கே சங்கிலியம்மாள் கூழ்ப்பானையோடு உட்கார்ந்திருந்தார். சாறு குடித்துச் சுருண்டுபோன மொத்த ஆபீசும் ஆளுக்கொரு சொம்போடு சுற்றி உட்கார்ந்திருந்தது. நடுவில் அதிகாரி சூரியபிரகாஷ் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, நீங்க ஒருத்தருதான் பாக்கி" என்று சங்கிலியம்மாள் அவருக்கும் ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தார். பிறகு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "கடையப் பூட்டக் கையெழுத்துப் போட்டீக. தெறக்கவும் ஆளுக்கொண்ணு போட்டா என்ன? இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு விக்க எனக்கு அசிங்கமா இருக்கு."

அதிகாரி சொம்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

நாகராஜ் மட்டும் நிமிர்ந்து, தொண்டையைச் செருமினார். சங்கிலியம்மாள் ஆவலோடு பார்த்தார்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."