இடது சக்கரம் முதலில்

முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் எங்கள் திருத்தணி. இங்கேயே பிறந்து வளர்ந்தும் கோபம் தணியாத ஒரே ஜீவன் ஏர்போர்ட்தான். என் மனைவியின் தம்பி, என்னைத் தெலுங்கில் ‘பாவா’ என்று கூப்பிடுகிறவன். மலையடிவாரத்தில் நான் வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். வேலையை விட்டுத் தூக்க முடியாது. தூக்கினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

ஏர்போர்ட் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர்; அவன் விமானத்தில் ஏறியதே இல்லை. ஃப்ளைட் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டலாம். அதில் ஓடுகிற விமானங்களைச் செய்வதுதான் இவனுக்குப் பைத்தியம். பழைய காலத்து இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தான். கதவு திறக்கும், புரொபெல்லர் சுற்றும், சக்கரம் மடங்கும். எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில், என் கரண்டில்.

முடிகிற நேரத்தில் தலையில் இடி விழுந்தது. அவன் பயன்படுத்திய சாஃப்ட்வேரை அதைச் செய்த கம்பெனியே கைவிட்டுவிட்டது. புதிதாக வந்த சிமுலேட்டரோ பழைய ஃபைலைத் தொடவே மாட்டேன் என்றது. வேறு சாஃப்ட்வேருக்கு மாறவேண்டும், மாறாவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் யார் திரையிலும் பறக்காது.

மாறினான். கத்திக்கொண்டே மாறினான்.

விமானத்தின் உடம்பு மட்டும்தான் வந்து சேர்ந்தது, அசைவு எதுவும் ஒழுங்காக வரவில்லை. பழையதில் மேல்பக்கம் என்றிருந்தது புதியதில் பக்கவாட்டாகிவிட்டதாம். புரொபெல்லர் சீலிங் ஃபேன் போலப் படுத்துக்கொண்டு சுற்றியது. சக்கரத்தை மடக்கினால் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. பழைய பழக்கத்தில் விரல் ஏதோ ஒரு கீயை அழுத்தும், ஒரு இறக்கை காணாமல் போகும்.

“இன்னா பாவா இது? நல்லா ஓடிகினு இருந்தத எதுக்கு மாத்தறானுங்க? எவன் கேட்டான் இவனுங்கள?” என்று மவுஸை மேஜையில் அடிப்பான். என் மவுஸ்.

இந்த ஒரு விஷயத்தில் நானும் அவன் கட்சிதான். நமக்கு ஒன்று கைவந்த மறுநாளே அதை மாற்றிவிட வேண்டும் என்று எங்கேயோ ஒரு கூட்டம் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்களை ஒருநாள் என் கடையில் உட்காரவைத்து, அவர்கள் மவுஸை ஒளித்துவைக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடி பேனருக்கு ஆட்கள் நெருக்கியடித்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து காதணி விழா பேனருக்கு வந்த பெரியவர் உள்ளே நுழைந்தபோது, ஏர்போர்ட் மேஜைமேல் மல்லாந்து படுத்து இடது காலை மடக்கி, கொஞ்சம் பொறுத்து வலது காலை மடக்கிக்கொண்டிருந்தான்.

“இன்னாங்க, புள்ளைக்கு வயித்து வலியா?”

“ஆங். வலி எனக்குத்தாங்க,” என்றேன்.

விஷயம் இதுதான். அந்த விமானத்தின் சக்கரங்கள் ஒன்றாக மடங்காதாம். இடது முதலில், வலது கொஞ்சம் தாமதமாக. ஏதோ மங்கலான வீடியோவில் பார்த்தானாம். அந்த வீடியோவில் வந்த விமானமே ரிப்பேராக இருந்திருக்கும் என்பது என் வாதம். புது சாஃப்ட்வேரில் ஒரு பக்கத்தைச் செய்தால் போதும், மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தானாக வந்துவிடும்.

“டேய், ஒரு காலச் செஞ்சிட்டு அப்படியே காப்பி அடிடா. காவடிக்காரங்க நின்னுகினு இருக்காங்க.”

“ரெண்டும் ஒண்ணா மடங்கினா அது பிளேன் இல்ல பாவா, பொம்ம! உங்களுக்குப் பொம்ம போதும், எனக்குப் போதாது!”

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து பூஜைச் சாமான் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

ஒருவழியாக முடித்து, சிமுலேட்டர் ஆட்கள் கூடும் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டான். மறுநாள் காலை முதல் கருத்து வந்திருந்தது. எழுதியவர் அங்கே பெரிய கையாம். சக்கரங்கள் ஒரே நேரத்தில் மடங்கவில்லை, செய்தவருக்குப் புது சாஃப்ட்வேர் பிடிபடவில்லை, யாரும் டவுன்லோடு செய்யவேண்டாம் என்று ஆங்கிலத்தில் தீர்ப்பு.

மவுஸ் பறக்கப்போகிறது என்று ஒதுங்கி நின்றேன். பறக்கவில்லை. ஏர்போர்ட் சத்தமே இல்லாமல் விமானத்தின் ஃபைலைத் திறந்தான்.

“நீங்க சொன்னதுதான் ரைட்டு பாவா. ஒண்ணா மடக்கிடறேன்.”

அந்த அடங்கிப்போன குரலைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு ஆத்திரம் வந்ததோ!

“எடுடா கைய! எவனோ சொன்னா மாத்திடுவியா? நான் அத்தினி நாளு கத்தினேனே, அப்ப மாத்தினியா? ஏந்திரு!”

அவனைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். தெரிந்த ஆங்கிலம் தீர்ந்ததும் தமிழில் திட்டினேன், தமிழும் போதாமல் தெலுங்குக்குப் போனேன். இடது சக்கரம்தான் முதலில் மடங்கும், தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு போ என்பது சாரம். பேனருக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஏர்போர்ட் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“ஐயோ, இன்னா பாவா எழுதி வெச்சிருக்கீங்க? ஒரு வரி கூட உருப்படியா இல்ல! என் மானமே போச்சு! ஏந்திரிங்க மொதல்ல!” என்று கடை அதிரக் கத்தினான்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கத்தட்டும். இவன் கத்தாத கடையில் உட்கார்ந்து நான் மட்டும் என்ன செய்ய?