பதினெட்டாவது பாட்டுக்கு ஒரு சோகம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் 'உன்னதப் பாடல்களின் தொகுப்பு'தான். ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் பதினேழு பாட்டுகளைப் புது அட்டை போட்டு அவரிடமே மறுபடி விற்பது என்றால் சும்மாவா? அதற்குப் பதினெட்டாவதாகப் புத்தம் புதிய பாட்டு ஒன்று வேண்டும்.

அந்தப் பதினெட்டாவது பாட்டில்தான் இசை நிறுவனத்தின் உதவி மேலாளர் மாட்டிக்கொண்டார்.

பாடகர் சாமானியர் அல்ல. 'நெஞ்சை உருக்கும் குரல்' என்று காலம் காலமாகப் பெயர் வாங்கியவர். பிரிவைப் பற்றி அவர் பாடினால் சேர்ந்திருப்பவர்களே ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்று காலையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிக்கொண்டிருந்தார். சுருதி சுத்தம். தாளம் சுத்தம். குரலில் மட்டும் தாங்க முடியாத சந்தோஷம்.

"நீ இனி வரமாட்டாயேன்னு பாடச் சொன்னா, பஸ் வந்துடுச்சுங்கற மாதிரி பாடறாரேப்பா!" என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுவனத்தின் இயக்குநர் தலையில் கை வைத்தார்.

உடனே அதே இடத்தில் 'துயர மீட்பு அவசரக் கூட்டம்' கூட்டப்பட்டது. பாடகர் மரியாதையுடன் வரவழைக்கப்பட்டார்.

"ஐயா, சமீபத்துல மனசு நோகற மாதிரி ஏதாவது நடந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே. போன வாரம் டாக்டர்கூட பாதி மாத்திரையை நிறுத்திட்டார்."

"ரொம்ப வருத்தமான செய்தி," என்றார் இயக்குநர். "சரி, சின்ன வயசுல உங்களை ஒருத்தங்க விட்டுட்டுப் போனாங்களாமே, அவங்களை நெனைச்சுக்கிட்டுப் பாடினா?"

"அவதான் மறு மாசமே திரும்பி வந்துட்டாளே! வெளியில உக்காந்திருக்கா பாருங்க."

வெளியே நாற்காலியில் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள், "ஏங்க, இன்னுமா முடியல?" என்று குரல் கொடுத்தார்.

நிலைமை கைமீறியது. 'உரிய நடவடிக்கைகள்' எடுக்கப்பட்டன. விளக்குகள் குறைக்கப்பட்டன. காப்பி நிறுத்தப்பட்டது. பாடகர் இருட்டில், காப்பி இல்லாமல், அதே சந்தோஷத்துடன் பாடினார்.

உதவி மேலாளரிடமோ சோகம் தாராளமாக இருந்தது. பதிவு செய்யத்தான் ஆளில்லை. அன்று மாலை மகளின் பள்ளி விழா. முதன்முதலாக அவள் மேடையில் தனியாகப் பாடப்போகிறாள். "அப்பா, நீ முன்னாடி உக்காரணும். உன்னைப் பார்த்துத்தான் பாடுவேன். இல்லேன்னா மறந்துடும்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அரை நாள் விடுப்பு கேட்டதற்கு இயக்குநர் தோளில் கை போட்டு, "நிறுவனமும் ஒரு குடும்பம்தானேப்பா," என்று மறுத்திருந்தார்.

"தம்பி," என்றார் பாடகர் திடீரென்று. "வந்ததுலேருந்து பார்க்கறேன். அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

காலையிலிருந்து யாருமே கேட்காத கேள்வி. உதவி மேலாளர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"பாட்டு முடியாம எப்படி அனுப்பறது, ஐயா?" என்றார் இயக்குநர்.

பாடகரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என் பொண்ணும் ஒருநாள் இப்படித்தான் என்னைக் கூப்பிட்டா. அன்னிக்கு நான் அப்பா பாசத்தைப் பத்தி ஒரு பாட்டு பாடிக்கிட்டிருந்தேன். கேட்டவங்க எல்லாரும் அழுதாங்க. அவளும் வீட்டுல அழுதா. அது வேற அழுகை."

மைக்குக்கு முன்னால் போய் நின்றார். பாடினார்.

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்த மறந்தார். வெளியே பின்னல் ஊசி நின்றது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமை! இன்னொரு தடவை..." என்று ஆரம்பிப்பதற்குள் பாடகர் செருப்பை மாட்டியிருந்தார்.

"வாங்க தம்பி, வண்டி வாசல்லதான் நிக்குது. நானும் வர்றேன். பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சு."

"ஸ்வெட்டரை வண்டியிலயே பின்னிக்கறேன்," என்று அம்மாளும் ஏறிக்கொண்டார்.

பள்ளி அரங்கில் முன்வரிசை நிரம்பியிருந்தது. முகம் தெரியாத ஒரு பெண்மணி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். கடவுள் பெரும்பாலும் இப்படிச் சின்ன இடங்களில்தான் வந்து உட்காருகிறார். மேடையில் விழித்துக்கொண்டு நின்ற சிறுமி அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். நெஞ்சை உருக்கும் குரலுக்குச் சொந்தக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார்.

தொகுப்பு வெளிவருவதற்கு முன் அட்டையின் மாதிரி உதவி மேலாளரின் மேஜைக்கு வந்தது. பின்பக்கத்தில், பாடலாசிரியருக்கும் மேலே, கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'பதினெட்டாவது பாடலின் சோகத்துக்கு முழுமுதற் காரணம்: எங்கள் இயக்குநர்.'

"நானேதான் எழுதச் சொன்னேன்," என்றார் இயக்குநர் பெருமையாக. "தப்பு ஏதாவது இருக்கா பாருப்பா."

உதவி மேலாளர் ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"எழுத்துக்கு எழுத்து உண்மை, சார்."