ஐஸ் நானாவும் இறங்காத வாளும்

‘ஆனந்தரூபன்’ கூத்தின் முடிவு தெரியாத உயிர்கள் எங்கள் கரையில் இரண்டே இரண்டுதான். ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளை. மற்றது, ஐஸ் நானா. மற்றபடி எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஆடு, கோழிக்குக்கூட அந்த முடிவு தெரியும். அத்தனை காலம் அத்தனை வாய்களில் அடிபட்ட கதை அது.

நானாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருப்பதாகக் கேள்வி. விடியற்காலையில் தண்ணீரூற்று என்ற பக்கத்து ஊரிலிருந்து சின்ன லொறியில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு எங்கள் மீன்வாடிகளுக்கு வருவார். அவர் வராவிட்டால் அன்றைக்கு எங்கள் மீன் கொழும்பைக் காணாது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், ஆகவே ஐஸ் நானா. அவருடைய மகளின் கலியாண அழைப்பிதழிலேயே பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘ஐஸ் நானா’ என்று அச்சடித்திருந்தார்கள். இல்லாவிட்டால் யாருடைய கலியாணம் என்று எங்களுக்கு விளங்கியிராது.

அவருக்கு முடிவு தெரியாமல் போன கதையை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். கூத்து விடிய விடிய நடந்த காலம். நானா அப்போது அரைக்காற்சட்டைப் பெடியன். மீன் ஏற்ற வந்த தகப்பனோடு முன்வரிசையில் இருந்து பார்க்கிறார். ராசா ஆனந்தரூபன், தன் சொந்த மகன் என்று தெரியாமலே ஓர் இளைஞனுக்கு மரணதண்டனை விதித்து, தானே வாளை ஓங்குகிறான். கிழக்கு வெளுக்கிறது. தகப்பனுக்குத் தொழுகை நேரம்.

“வாள் மேல நிக்குது தம்பி. வாப்பா என்ர காதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிட்டார். அண்டையில இருந்து எனக்கு அந்த வாள் இறங்கேல்ல.”

இதைச் சொல்லும்போது கையை உயர்த்திக் காட்டுவார். கையில் ஐஸ் கிண்டும் கம்பி இருக்கும். நாங்கள் ஓரடி தள்ளி நின்று கேட்போம்.

பிறகு யுத்தம், இடம்பெயர்வு. நானாவின் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. நாங்கள் எங்கெங்கோ போனோம். எல்லாரும் திரும்பி வந்து, வள்ளம் வாங்கி, வீடு கட்டி, வேலிச் சண்டையும் பிடித்து ஓய்ந்த பிறகுதான் அண்ணாவியார் ஆனந்தரூபனை மறுபடி மேடையேற்றலாம் என்றார். கூத்தைப் பழக்கி, பாட்டெடுத்துக் கொடுத்து, இடையிடையே எல்லாரையும் ஏசுகிறவர்தான் அண்ணாவியார். கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்த என்னைக் கூத்துக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். என் திறமை என்னவென்றால், சட்டைப்பையில் எப்போதும் பேனை இருக்கும்.

செய்தி கேட்ட அன்று நானா லொறியை நிறுத்தி, கரையில் நின்ற எல்லாரையும் கூப்பிட்டுச் சட்டம் போட்டார்.

“நான் மேடையிலதான் முடிவைப் பாப்பன். அதுக்கு முதல் ஆரும் எனக்குச் சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு ஐஸ் இல்லை.”

சம்மாட்டி சூசை இதைப் பகிடி என்று நினைத்தார். இரண்டு வள்ளமும் ஊருக்குப் பெரிய வாயும் உள்ள மனிதர். அடுத்த நாளே, “நானா, கடைசியில ராணி வந்து...” என்று தொடங்கினார். நானா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு லொறியில் ஏறினார். காதிலிருந்து கையை எடுக்காமல் எப்படி லொறியை ஓட்டினார் என்பது இன்றைக்கும் எங்கள் கரையில் விவாதத்துக்குரிய விஷயம். ஐஸ் திரும்பித் தண்ணீரூற்றுக்குப் போய்விட்டது. சூசையின் அன்றைய பாரை மீன் முழுவதும் கருவாடானது. ஒரு கிழமையாக அவருடைய மனைவி கருவாட்டைத் தவிர வேறெதுவும் சமைக்கவில்லை, அவரோடு கதைக்கவுமில்லை.

அதன்பிறகு ஊர் திருந்தியது. லொறியின் ஹோர்ன் சத்தம் கேட்டால் கூத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் உடனே காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். வேறு ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்த மாப்பிள்ளைமாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பங்குத்தந்தை ஒருநாள் பிரசங்கத்தில் ஆனந்தரூபனை உதாரணம் காட்டப்போய், வெளியில் லொறிச் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்தி, எல்லாரையும் எழும்பி நிற்கச் சொல்லிவிட்டார்.

முதல்முறையாகத் திகதி குறித்தோம். எங்கள் ஊரில் கூத்துக்கு முன்கூட்டியே பாய் விரித்து இடம் பிடிப்பது வழக்கம். நானாவுக்கு முழங்கால் மடியாது. ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே பச்சை நிறப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, கோவில் முற்றத்தில் மேடைக்கு நேரே நடுவில் வைத்து, காற்று கொண்டுபோகாமல் ஒரு கல்லையும் தூக்கி அதில் இருத்தினார். அந்தக் கிழமை பார்த்து கடலில் சாளை மீன் கூட்டமாகப் பட்டது. ராசா, மந்திரி, தளபதி எல்லாரும் கரைவலைக்குப் போய்விட்டார்கள். அரண்மனையில் மிஞ்சியது நானும் அண்ணாவியாரும்தான். ஒத்திவைத்ததை நானாவுக்குச் சொல்லும் பொறுப்பு செயலாளருக்கு.

“அப்ப வாள்?” என்றார்.

“மேலதான் நிக்குது நானா.”

“சரி. கதிரையை எடுக்காதேங்கோ.”

அடுத்த திகதியில் ராணிக்குத் தாடி. ராணியாக ஆடுகிற மேசன் மாதாவுக்கு நேர்த்தி வைத்துத் தாடி வளர்த்திருந்தார். நேர்த்தி முடியும்வரை வழிக்கமாட்டேன் என்று நின்றார். “ராணிக்குத் தாடி இருந்தா எனக்கென்ன, நான் வாளைப் பாக்க வாறன்” என்றார் நானா. அண்ணாவியார் ஒப்புக்கொள்ளவில்லை. தாடி இறங்கியபோது நோய் வந்து ஊரை மூடினார்கள். நோய் போனபோது மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். வரிசை முடிந்தபோது ராசா கனடாவுக்குப் போய்விட்டார். புது ராசாவாக ஒட்டுசுட்டான் பஸ்ஸின் கொண்டக்டரைப் பிடித்தோம். நல்ல குரல். பஸ்ஸில் மிச்சக் காசு கொடுக்கும்போதும் விருத்தம் பாடிப் பழகினார். அரங்கேற்றத்துக்கு முன், வெள்ளை வேட்டியில் கடைசித் தடவையாக ஆடிப்பார்க்கும் ‘வெள்ளுடுப்பு’ அன்று ஒட்டுசுட்டான் பக்கம் யானை றோட்டுக்கு ஏறி நின்றது. பஸ் அசையவில்லை. ராசா இல்லாமல் வெள்ளுடுப்பு இல்லை, வெள்ளுடுப்பு இல்லாமல் கூத்து இல்லை. நானாவிடம் போய், “யானை” என்று மட்டும் சொன்னேன். அவர் போய்க் கதிரையில் இருந்த கல்லைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

பச்சைக் கதிரை இதற்குள் வெளிறி மஞ்சளாகிவிட்டது. ஆடு ஏறிப் படுத்தது. பந்தடிக்கிற பெடியள் அதைக் கோல் கம்பமாக்கினார்கள். ஆனால் யாரும் அதில் குந்தவில்லை, இடத்தை மாற்றவுமில்லை.

அண்ணாவியாருக்கு வேறொரு சந்தேகம். எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: முடிவுப் பாட்டான மங்களத்தை மேடைக்கு வெளியே பாடக்கூடாது, பாடினால் கூத்து மேடையேறாது. அதனால் ஒத்திகை எப்போதும் வாள் ஓங்குகிற இடத்தோடு நிற்கும். மங்களம் கொப்பியில் மட்டும் இருக்கும். கூத்து ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் அண்ணாவியார் எங்களை வரிசையாக நிறுத்தி விசாரிப்பார்.

“ஆர் மங்களம் பாடினது? உண்மையைச் சொல்லுங்கோ. ஆரோ எங்கயோ பாடுறியள்.”

மாதாவின் மேல் சத்தியம் பண்ணினோம். உண்மையில் எங்களில் யாருக்கும் மங்களத்தின் மெட்டே தெரியாது. முடிவு தெரியும், பாட்டுத் தெரியாது. ஊர் முழுவதும் இதே நிலைமைதான்.

யானைக்குப் பிறகு அண்ணாவியார் மனம் விட்டுவிட்டார். கோவில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டி, “விடுவம். இது சரிவராது. எனக்கும் ஏலாது” என்றார். யாரும் மறுக்கவில்லை. கொண்டக்டருக்கு லீவு இல்லை, மேசனுக்கு வேலை இருந்தது, எனக்கு நானாவுக்குச் செய்தி சொல்லிச் சொல்லி வெறுத்துவிட்டது. அப்போது நானா வந்து தன் கதிரையில் இருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டு முதல்முறையாக அதில் இருந்தார்.

“விடுறதெண்டா விடுங்கோ. எனக்கும் வயசு போகுது. நான் மௌத்தாகி மேல போனால் வாப்பா கேப்பார், வாள் இறங்கிச்சுதோ எண்டு. எங்கட அண்ணாவியார் விட்டிட்டார் எண்டு சொல்லுறன்.”

அண்ணாவியார் எழும்பி வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு கொண்டக்டரைப் பார்த்து, “லீவு எடடா” என்றார்.

இப்படித்தான் கடைசியில் ஆனந்தரூபன் மேடையேறினான். ஊரே வந்தது. தண்ணீரூற்றிலிருந்து நானாவின் வீட்டார், அயலார் எல்லாரும் லொறியிலேயே வந்து இறங்கினார்கள். நானா புதுச்சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். கொண்டாட்டத்துக்கு ஒரு லொறி ஐஸ் இனாம். பெரிய அண்டாக்களில் சர்பத் கரைத்து, அதில் ஐஸை உடைத்துப் போட்டு, கூத்தருக்கெல்லாம் தன் கையாலேயே வார்த்துக் கொடுத்தார். அண்ணாவியார் வேண்டாம் என்றார். “என்ர ஐஸைக் குடிக்காமப் பாடுவியளோ?” என்று கேட்டு, விடாமல் இரண்டு முறை வார்த்தார்.

கூத்து நன்றாகவே போனது. ராணிக்குக் கைதட்டல், மந்திரிக்கு விசில். ஆனால் நேரம் போகப்போக அண்ணாவியாரின் குரல் கரகரத்தது. பிற்பாட்டுக்காரரின் குரல்களும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. ராசா வாளை ஓங்கினார். மகன் தலையைக் குனிந்தான். ராணி ஓடிவந்து பிள்ளையின் மோதிரத்தைக் காட்டினாள். இனி ராசா பாடவேண்டும்.

ராசா பாடவில்லை. ஒத்திகையில் ஒருநாளும் தாண்டாத இடம் அது. கொப்பியில் மனப்பாடம் செய்த அடிகள் மறந்துபோய், வாளை உயர்த்தியபடியே அண்ணாவியாரைப் பார்த்தார். அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். வெறுங்காற்றுத்தான் வந்தது. கொப்பியைத் தூக்கிக் காட்டினார். ராசாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, கண்ணாடி போட்ட ராசாவை அண்ணாவியார் அனுமதித்ததும் கிடையாது. வாள் மேலே நின்றது. நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். இத்தனை வருடம் காத்திருந்த மனிதருக்கு மறுபடியும் அதே இடத்தில் கூத்து நின்றுவிட்டதே என்று அழுகையே வந்தது.

அப்போது முன்வரிசையில் கதிரை கிரீச்சிட்டது. நானா எழுந்து நின்று, ஒரு கையைக் காதில் வைத்து, முழுக்குரலில் எடுத்தார்.

“வாளும் உறை சேர்ந்ததே – என் மகனே
வாசலும் திறந்ததே
நாளும் நிறைந்ததே – இந்த
நாட்டார்க்கு மங்களமே.”

மெட்டுப் பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. ராசாவுக்கு உயிர் வந்து வாளை இறக்கினார். நானா ஒவ்வோர் அடியாகச் சொல்ல, ராசா பாட, கடைசி மங்களம் வரை போய்ச் சேர்ந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. சூசை மட்டும் கைதட்டவில்லை. தன்னுடைய கருவாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் நாங்கள் நானாவைச் சூழ்ந்துகொண்டோம். சூசைதான் முதலில் கேட்டார்.

“நானா, உங்களுக்கு முடிவு தெரியாதெல்லோ?”

நானாவுக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவி சொன்னார்: “தெரியாதோ? கலியாணம் முடிச்ச நாளில இருந்து கேக்கிறன். கிணத்தடியில குளிக்கேக்க ஒவ்வொரு நாளும் உந்த மங்களம்தான்.”

அண்ணாவியாருக்குக் குரல் இல்லை. ஆனால் அவர் நானாவைப் பார்த்த பார்வையில், சாளை, தாடி, யானை எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கிணற்றடிதான் என்று கண்டுபிடித்துவிட்டது தெரிந்தது.

சனம் கலைந்த பிறகு நான் நானாவோடு அண்டாக்களை லொறியில் ஏற்றினேன்.

“வாப்பா இழுத்துக்கொண்டு போனதெண்டது பொய்யோ நானா?”

“பொய்யில்லைத் தம்பி. இழுத்துக்கொண்டு போனவர்தான், கரையில கிடந்த தோணி வரைக்கும். அதுக்குப் பின்னால நிண்டு தொழுதவர். நான் தோணிக்கு மேல ஏறி நிண்டு பாத்தன். தொழுது முடிச்ச கையோட அவரும் ஏறிட்டார். புத்தளத்தில கரண்ட் இல்லாத நேரம் ரெண்டு பேரும் இதைத்தான் பாடுறனாங்கள்.”

“பிறகேன் இவ்வளவு காலமும் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?”

நானா அண்டாவைக் கட்டுகிற கயிற்றை இறுக்கினார். “எல்லாருக்கும் தெரிஞ்ச கூத்தை நீங்கள் ஏன் போடப்போறியள்? தெரியாதவன் ஒருத்தனாவது இருந்தாத்தானே உங்களுக்கு ரோசம் வரும்.”

எங்களை இத்தனை வருடம் ஏய்த்த அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அதற்குள் லொறி புறப்பட்டுவிட்டது.

இப்போது அண்ணாவியார் வேறொரு கூத்தை எடுத்திருக்கிறார். போன கிழமை கரையில் அதைக் கேள்விப்பட்ட நானா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இதின்ர முடிவும் எனக்குத் தெரியாது. சின்னனில பாக்கேக்க நித்திரையாப் போயிட்டன்” என்றார். அண்ணாவியார் எங்கள் பக்கம் திரும்பி, “நானாவுக்கு ஆராவது முடிவைச் சொன்னியளோ, காலை முறிச்சுப்போடுவன்” என்றார். சூசைதான் முதலாவதாகத் தலையாட்டினார்.

விடிய ஹோர்ன் சத்தம் கேட்டால் இப்போதும் கரையில் பேச்சு நின்றுவிடுகிறது. லொறிக்குள் இருந்து நானா எங்களைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் மாதிரி, காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிறோம்.