முட்டை, காலணி, குழாய்த் தண்ணீர், பிறகு இவர் கை

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றும், அண்ணனின் முழங்கால் வலி மாடிப்படி ஏறுகிற அளவுக்காவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் இவரும் நலம். இந்த வரியை இத்தனை வருடமாகக் கைப்பழக்கத்தில் எழுதி வந்தேன்; இந்த முறை இவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதற வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நன்றி யாருக்கு என்று கேட்டால், உங்களுக்கும் உங்கள் பழைய கேமராவுக்கும்.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, "தூசி பிடிச்சுக் கிடக்கு, நீ எடுத்துட்டுப் போ, ரிட்டயர் ஆயிட்டு வீட்ல சும்மாதானே இருக்கே" என்று என் பையில் திணித்தீர்களே, நினைவிருக்கிறதா? 'சும்மாதானே' என்ற சொல் எனக்கு அன்று கொஞ்சம் உறைத்தது உண்மை. முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதியவளைச் சும்மா என்று சொன்னால் உறைக்காதா? அந்த வேகத்தில்தான் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் புகைப்பட வகுப்பில் பெயரைக் கொடுத்தேன். சொல்லித் தருகிற பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். எதைக் காட்டினாலும் "வெளிச்சம் எங்கேர்ந்து வருது?" என்று கேட்பதால் எங்கள் வகுப்பில் அவருக்கு வெளிச்சம் டீச்சர் என்றே பெயர். மலை, அருவி என்றெல்லாம் கிளம்பக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்துத்தான் கற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தால் எங்கள் வீடு பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதல் வாரப் பாடம் வெளிச்சமும் நிழலும். வெள்ளைத் துணிமேல் ஒரு முட்டையை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். எங்கள் வீட்டு மேசை ஒரு பக்கம் சாய்வு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் முட்டை உருண்டு போனது, இரண்டாவதைப் பிடிக்கப் போனதில் முழங்கை பட்டு மூன்றாவதும் போனது, கடைசியில் நல்ல படம் கிடைத்தபோது டஜனில் பாதிதான் மிச்சம், உடைந்ததையும் உடையாததையும் அடுத்தடுத்த நாள் இவருக்குச் சமைத்துப் போட்டேன். நாலாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் என்ன பாடம்? கோழியா?" என்றார்.

கோழி இல்லை, காலணி. பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தள்ளியிருப்பது மங்கலாகவும் விழ வேண்டும் என்ற பாடத்துக்கு ஒரே மாதிரிப் பொருள்கள் நீள வரிசையில் தேவைப்பட்டன. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டு வாசலிலும் காலணிகள் கிடப்பது என் கண்ணில் பட்டது. காலை ஆறு மணிக்கு நாலு மாடிக் காலணிகளையும் அள்ளி வந்து படிக்கட்டில் படிக்கு ஒன்றாக அடுக்கினேன். படம் பிரமாதமாக வந்தது, டீச்சரே பாராட்டினார். ஆனால் எது எந்த வாசலைச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன் அண்ணி. கீழ்வீட்டு வக்கீல் அவசரத்தில் மாட்டிக்கொண்டு போனது மூன்றாம் மாடி உடற்பயிற்சி ஆசிரியரின் காலணிகளை. நீதிபதி முன்னால் எழுந்து நின்றபோதுதான் குனிந்து பார்த்தாராம், இரண்டும் பச்சை நிறத்தில் பளபளவென்று. அவரைச் சமாதானம் செய்ய ஒரு வாரம் ஆனது. ஆன மறுநாளே ஷட்டர் பாடம் வந்துவிட்டது. ஷட்டரை, அதாவது கேமராவின் கண்ணிமையை, மெதுவாகத் திறந்து மூடினால் ஓடுகிற தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழும். நான் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, பட்டுத்துணி வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தொட்டியின் அடைப்பான் மூடியிருந்ததைப் பார்க்கவில்லை. தண்ணீர் கீழே இறங்கி வக்கீலின் சட்டப் புத்தகங்கள்மேல் சொட்டியது. இந்த முறை அவர் நேரில் வரவில்லை. பதிவுத் தபால் வந்தது.

இவரை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பீர்கள். சமாளிக்க முடியவில்லை. இவர் பல் கட்டும் வேலையை வீட்டிலேயே ஒரு அறையில் செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் செதுக்கி, வார்த்து, பொய்ப்பல் செய்து திருப்பி அனுப்புவார். மயிரிழை பிசகினாலும் வாய்க்குள் உட்காராது. சொரசொரப்பையும் வழவழப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன வாரம், நான் இவருடைய மேசையிலிருந்து ஒரு மேல்வரிசைப் பல்லை எடுத்து வந்து ரொட்டித் துண்டின்மேல் வைத்தேன். டாக்டர் வீட்டு ஆள் வாசலில் காத்திருக்க, இவர் அறை முழுக்கத் தேடி, கடைசியில் சமையலறைக்கு வந்தால், பல் தன்பாட்டுக்கு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. "இனிமே அந்தக் கேமராவோட என் ரூம் பக்கம் வந்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தினார். வழக்கமாகக் கோபம் வந்தால் ஒரு நாளில் தணிகிறவர், அந்த ஆறு மாதமாகவே தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். உடம்பும் இளைத்திருந்தது. நான் முட்டைதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவர் அடுத்த புதன்கிழமை, நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைவதைப் பார்த்து, "யாரையாவது உட்கார வைக்கணும்னா நான் உட்காரட்டா?" என்று கேட்டார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. என் விடாமுயற்சியைக் கண்டு மனம் இரங்கிவிட்டார் என்று பூரித்துப் போனேன். அந்த வாரப் பாடம், அசையாத பொருளை மங்கிய வெளிச்சத்தில் மெதுவான ஷட்டரில் எடுப்பது. ஜன்னலோரம், மேசைமேல் பல் வரிசை, பக்கத்தில் மெழுகு, இவர் கையில் செதுக்கும் கத்தி. "அசையாம இருங்க" என்றேன். இருந்தார். படத்தைப் பார்த்தால் பல் ஒவ்வொன்றும் தெளிவு, சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது, விரல்கள் மட்டும் புகை மாதிரி. "அசைஞ்சுட்டீங்க" என்று மறுபடி எடுத்தேன். ஏழு படம். ஏழிலும் புகை. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏழுக்கும் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை டீச்சர் அதைத் திரையில் போட்டார். நான் முந்திக்கொண்டு, "கேமரா ஆடிடுச்சு மேடம்" என்றேன். அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"கேமரா ஆடல. ஆடியிருந்தா பல்லும் கலங்கியிருக்கும். இவர் அப்போ ஏதாவது செதுக்கிட்டு இருந்தாரா?"

"இல்லை, சும்மா பிடிச்சிட்டிருந்தார்."

"ஏழு படத்துலயுமா?"

"ஏழுலயும்."

டீச்சர் என்னிடம் வந்து, மெதுவாக, "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து ஏழு படத்தையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். இவர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"மெழுகு சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தேன். மெழுகெல்லாம் நல்லாதான் இருக்கு" என்றார். "நாலு செட் திரும்பி வந்துடுச்சு. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமப் போச்சு."

அண்ணி, இருபத்தாறு வருடத்தில் இவர் கையை நான் அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் கேமராவைத் தொடவில்லை, இவரும் அந்த அறைக்குள் போகவில்லை. இரண்டு பேரும் பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தோம். முடிவைப் பார்த்த டாக்டர் சிரித்தார். மாமனாருக்கு வந்த நோய் இது இல்லையாம். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். கை நடுக்கம், உடம்பு இளைத்தது, எரிச்சல் எல்லாம் அதனால்தானாம், மாத்திரையில் அடங்கிவிடுமாம். எனக்கு வந்த சந்தோஷத்தில், "அப்போ கோபமும் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சீட்டு எழுதியபடியே, "இந்த ஆறு மாசக் கோபத்துக்குத்தாம்மா மருந்து. அதுக்கு முன்னாடி உள்ளதை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார்.

இப்போது இரண்டு மாதமாகிறது. போன வாரம் செய்த பல் செட் ஒரே தடவையில் பொருந்திவிட்டதாகப் பல் டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வக்கீலுக்குக்கூடச் செய்தி எட்டி, "அப்போ குழாய்த் தண்ணிக்கு நோட்டீஸ் விட்டதை மறந்துடுங்க" என்று படியேறி வந்து சொன்னார். ஆக, கூர்ந்த பார்வையாலும் விடாப்பிடியாலும் ஒரு நோயைக் கேமராவில் பிடித்தவள் உங்கள் நாத்தனார் என்று நீங்கள் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லலாம். அன்று நீங்கள் அந்தக் கேமராவைக் கொடுக்காமல் விட்டிருந்தால் இவர் இன்னும் மெழுகைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். இவருடைய கைக்கு நீங்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

அண்ணனுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் அன்பு நாத்தனார்.

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்கள் என்று இந்தக் கடிதத்தை இவரிடம் நீட்டியது என் தவறு. முழுக்கப் படித்துவிட்டு, "எழுத்துல பிழை இல்ல, விஷயத்துலதான் பிழை" என்றார். "நான் மனசு இரங்கியெல்லாம் உட்காரல. ஆடுறது எதுவும் மெதுவான ஷட்டருக்குத் தப்பாதுன்னு உன் நோட்டுல எழுதி வச்சிருந்தே, படிச்சேன். எனக்கு வாயால சொல்ல வரல. அதான் வந்து உட்கார்ந்தேன். உனக்குப் புரியட்டும்னு ஏழு தடவை உட்கார்ந்தேன். ஏழு தடவையும் என்னையே அதட்டினே." ஆகவே அண்ணி, மேலே நான் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நன்றி சொன்ன இடங்களை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.