மாப்பிள்ளை அனுப்பிய ஊமைப் பெட்டி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், நீங்கள் அனுப்பிய பெட்டியைத் தவிர. அங்கு நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருங்கள். போனில் பேசியிருக்கலாம். வாயில் என்ன வருமோ என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன்.

தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து உங்கள் மாமியாருக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. அப்படியும் சனிக்கிழமை நூலகத்தில் முப்பது பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். "கடைசி வரிசைக்குக் கேக்கலேன்னா இனிமே கதையே சொல்ல மாட்டேன்" என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். நம் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மைக்கைச் செருகினால் முதல் வரிசைக்கே எட்டாது. நீங்கள்தான் பெரிய மேதாவியாக, "மைக்ல வர்ற சத்தம் ரொம்பச் சின்னது மாமா, நடுவுல ப்ரீஆம்ப் போட்டாத் தூக்கிக் குடுக்கும்" என்றீர்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் ஆயிற்றே என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பெட்டி நேற்றுக் காலை வந்தது. முப்பத்தோரு வருஷம் மின்கம்பம் ஏறியவன் நான். எதையும் தொடுவதற்கு முன் அணைக்கக்கூடியதையெல்லாம் அணைத்துவிடுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஃபிரிட்ஜைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு மைக் ஒயரைப் பெட்டியிலும், பெட்டியின் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையிலும் செருகி, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தால் உர்ரென்று உறுமியது. "ஐயோ மாமா, அது பக்கத்துல இருக்கிற லைன் இன் ஓட்டையில போகணும்" என்று போனில் சிரித்தீர்கள். சிரித்ததை நான் மறக்கவில்லை. மாற்றிச் செருகினேன். இருந்த உறுமலும் போயிற்று. பெட்டியில் சத்தம் கூட்டும் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று என்று திருகி, ஆம்ப்ளிஃபயரையும் முழுதாகத் திருகியும் மூச்சில்லை. நாற்பத்தெட்டு வோல்ட் என்று ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, "அதைத் தொட்டுடாதீங்க" என்கிறீர்கள், யாரிடம், பதினோராயிரம் வோல்ட்டோடு குடித்தனம் நடத்திய என்னிடம். மேசைக்கடியில் என் தலை இடித்ததுதான் நேற்று இந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம்.

இதற்கிடையில் உங்கள் மாமியார் வேறு. சட்டையைப் பிடித்து இழுப்பதும், காதருகே வந்து காற்று விடுவதும், நோட்டுத் தாளைக் கிழித்துக் கிழித்து நீட்டுவதுமாக. "சும்மா இரு, வேலை நடக்குது" என்று கத்தி, சீட்டுகளைப் பார்க்காமலே சட்டைப் பையில் திணித்தேன். சனிக்கிழமை வேண்டாம் என்று எழுதியிருப்பாளோ என்ற பயம்தான், வேறென்ன.

முப்பத்தெட்டு வருஷம் என்னைத் திட்டிய குரல் அது, மாப்பிள்ளை. ஏழு மாதமாக என்னைத் திட்ட இந்த வீட்டில் ஆளில்லை. அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். கடை வாசலில் வைத்து, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுங்கள்.

பெரியவன் என்ற கடமைக்காக மட்டும் வாழ்த்துகிறேன்: நீண்ட ஆயுளும் கொஞ்சம் தொழிலறிவும் பெற்று, மகளோடு சீரும் சிறப்புமாக இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமனார்

பி.கு.: உறையைத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் மாமியார் மைக்கை எடுத்து, அதன் கழுத்தில் எதையோ விரலால் தள்ளினாள். எல்லாத் திருகும் முழுதாக இருந்தது. "மைக்ல சுவிட்ச் இருக்குன்னு நேத்துலேர்ந்து சொல்றேன். அதை அணைச்சதே நீங்கதான். என்னைக்கு நான் சொல்றதக் காதுல வாங்கியிருக்கீங்க?" மேல்மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பையிலிருந்த ஐந்து சீட்டுகளிலும் இதுவேதான்; ஐந்தாவதில் என்னைப் பற்றியும் ஒரு சொல் இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள். பெட்டி இங்கேயே இருக்கட்டும். திருகுகளைப் பாதியாகக் குறைத்தாயிற்று, அரை மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கடைசி வரிசைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு சொல் விடாமல் கேட்கிறது.