அப்பா இருக்கும்போதே எடுத்த மீசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் என் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் கத்தி மேல். மிச்சம் இருந்தால் எங்கள் மாமா மேல்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். துபாயிலிருந்து பெரம்பலூருக்கு லீவில் வந்தவர், பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு மடக்குச் சவரக்கத்தியை எடுத்துக் காட்டினார். மறுநாள் புதன்கிழமை எனக்கு அரியலூரில் பெண் பார்க்கப் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. புதன்கிழமை சலூன் திறப்பதற்குள் நாங்கள் பஸ் ஏறியாக வேண்டும்.

"இதுலயே பண்ணிக்கிறேன் மாமா."

"வேணாம் மாப்ள. இதுக்குக் கை பழகணும். ஒன்னால ஆவாது."

(ஆகாது என்று யாராவது சொன்னால் எனக்கு அது ஆகியே தீர வேண்டும். பிறவிக்குணம்.)

விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்றேன். வலது கன்னம் வழவழவென்று வந்தது. இடது கன்னத்துக்குக் கையை எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை. வெட்டிய இடங்களில் பேப்பரைக் கிழித்து ஒட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீசையின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கித் தெரிந்தது. சரி செய்தேன். இப்போது வலது இறங்கியது. அதையும் சரி செய்தேன். இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் சரி செய்துகொண்டே வந்ததில், மூக்குக்குக் கீழே ஈ உட்கார்ந்த மாதிரி ஒன்று மிஞ்சியது. அதோடு பெண் பார்க்கப் போக முடியுமா? எடுத்துவிட்டேன்.

அம்மா தலையில் கை வைத்தாள். "அடப்பாவி, அப்பன் உசுரோட இருக்கையிலயே மீசைய எடுத்துட்டு நிக்கிறியே!"

எங்கள் பக்கம் மீசைக்காரன் திடீரென்று மீசையை எடுத்தால், அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அப்பா தன் மீசையை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப இதாம்மா ஸ்டைலு" என்றேன்.

அரியலூரில் அப்பாவும் அம்மாவும் பழம் வாங்க நிற்க, நானும் மாமாவும் முன்னால் போனோம். பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துத் திகைத்தார். போட்டோவில் இருந்த மீசையைத் தேடுகிறார் என்று புரிந்தது. பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப தம்பி தவறுனாங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பமே. ஒரு வருசம் போவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

ஒரு வருடமா? அந்தப் பெண்ணின் போட்டோ பல நாளாக என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வருடத்தில் வேறு எவனாவது கட்டிக்கொண்டு போய்விடுவான்.

"யாரும் தவறலைங்க! நானேதான் எடுத்தேன்!"

கத்திய கத்தலில் பேப்பர் உதிர்ந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. பாவம், துக்கத்தில் உளறுகிறான் என்று அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பின்னாலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அப்பா வந்தார். "யாருங்க தவறுனது?"

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். கதவோரம் போட்டோவில் இருந்த அதே முகம். "நெசமாவே நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"

"ஆமாங்க. ஸ்டைலுக்கு."

"ரத்தம் சொட்டுது" என்று அவள் ஒரு துண்டை நீட்டினாள். அந்தத் துண்டு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அவளும்தான்.

அன்றிலிருந்து நான் மீசை வைக்கவில்லை. வைத்தால் மாமாவிடம் தோற்றதாகிவிடும். அதே கத்தியில்தான் சவரம், இடது கன்னத்தில் இன்றும் பேப்பர்.

அப்பாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இதை மட்டும் சத்தமாகச் சொல்வார்: "எனக்கு எடுக்க வேண்டிய மீசைய இவன் அன்னிக்கே எடுத்துட்டான். நான் போனா எதை எடுப்பான்?"

எடுக்க ஒன்றும் இல்லைதான். அதனால் அவர் போகவும் கூடாது. இதிலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.