சமத்துவம் சொல்லித்தருபவரின் கோடு

சமத்துவப் பயிற்சியாளர் என்றொரு இனம் இருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் எந்தக் கிடங்குக்குள், எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார். கதர் குர்தா, தோளில் துணிப்பை, பைக்குள் சாக்பீஸ். சாதி, நிறம், மதம், மொழி என்று வெறுப்புகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கண்கலங்கி, சமோசா வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எடுத்துக்கொள்வார். பார்க்கிற நமக்குத்தான் அழுகை வரும்.

எங்கள் கன்டெய்னர் கிடங்குக்கு வாய்த்தவர் அன்பரசன். தரையில் கோடு கிழிப்பார். "பிறப்பால அவமானப்பட்டவங்க கோட்டைத் தாண்டி வாங்க, தோழர்." தாண்டியவர்களுக்குக் கைதட்டல்; அவர்களுடைய புகாரை மட்டும் மேலாளர் விசாரிப்பார். அதுதான் முறை.

கணக்குப் பிரிவு நவோமியும் தாண்டினாள். மும்பைக்காரி, தலைமுறை தலைமுறையாக மராத்தி பேசும் யூதக் குடும்பம். எங்கோ யூதர் நாட்டில் போர் மூண்டதிலிருந்து அவளுடைய அலமாரிக் கதவில் 'ரத்தம் குடிப்பவள்' என்று யாரோ எழுதுகிறார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் மேசை காலியாகிறது. இது தப்பு என்று ஒருவர் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டால் போதும், வேலையில் இருந்துவிடலாம் என்றிருந்தாள்.

அன்பரசன் புன்னகைத்தார். "நீங்க இல்லம்மா. உலகத்துப் பணமெல்லாம் உங்க ஆளுங்க கையிலதானே? பின்னாடி போங்க."

"இன்னா நைனா," என்றார் டிரெய்லர் ஓட்டும் லோகநாதன். "அவ்ளோ துட்டு வச்சிகினு அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஷேர் ஆட்டோல நசுங்கிகினு வருது?"

சிரித்தார்கள். சிரிப்பு பயிற்சியாளர் இனத்துக்கு ஆகாது.

"முதல்ல அந்தப் போரைக் கண்டிச்சு நாலு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றார் அன்பரசன்.

ஏற்கெனவே கோட்டைத் தாண்டி நின்றிருந்த கிரேன் ஓட்டும் உபைதுல்லா மெல்லக் கேட்டார். "எங்கியாச்சும் குண்டு வெடிச்சா என்னாண்டயும் இதத்தான் கேக்குறாங்க சார். அதுக்குத்தானே நான் இங்க நிக்கிறேன்?"

"அது வேற, இது வேற," என்றார் அன்பரசன்.

இந்த நான்கு சொற்கள் இல்லாவிட்டால் பயிற்சியாளர் இனம் என்றோ அழிந்திருக்கும். நவோமி பின்னால் போய் நின்றாள். கதவில் எழுதியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டு மும்பைக்கு ரயிலேறினாள். வெறுப்பில்லாத பணியிடம் என்று எங்களுக்கு ஒரு கேடயம் வந்தது.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனாலும் 'அதெல்லாம் சரி, அந்தப் பெண் போரைப் பற்றி என்னதான் நினைத்தாள்?' என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறதா? போய் அன்பரசனைப் பாருங்கள். உதவிக்கு ஆள் தேடுகிறாராம்.